உரி கொடாங்

"கொரியாக்காரா 'என் வீடு'ன்னு சொல்லவே மாட்டா. 'நம்ம வீடு'ம்பா. உரி ஜிப்!" என்று முடித்ததும் ஸ்ரீகண்டனின் சரக்கு தீர்ந்துவிட்டது.

சண்டை ஓய்ந்து சிங்கப்பூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவன் அவன். அங்கே ஜப்பான் பட்டாளத்தில் காவலிருந்த கொரியச் சிப்பாய் ஒருவன் வீட்டை நினைத்து அழுதபோது சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் அவனுக்குத் தெரியும். மாமனார் கல்யாணராமனோ, "மாப்பிள்ளைக்குக் கொரியா பாஷை தண்ணிபட்ட பாடு" என்று கரமனை அக்ரஹாரம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். அதனால்தான் வலியசாலை வாசகசாலையில் இந்தப் பிரசங்கம். தேறினால் லைப்ரேரியன் வேலை. தேறாவிட்டால் ஆயுசுக்கும் மாமனார் வீட்டுச் சோறு.

"'என் குடை'க்கு என்ன?" என்றார் காரியதரிசி சாம்பசிவன்.

"உரி... கொடாங்."

"பென்சில்?"

"உரி பென்சாங்."

"பெஞ்சு?"

"அதுவும் பென்சாங்தான் ஸார். ராகம் மாத்திச் சொல்லணும்."

"பார்யாளையும் 'நம்ம'ன்னுதான் சொல்லுவாளோ?"

பெண்கள் வரிசையில் அவன் மனைவி நாகலக்ஷ்மி நிமிர்ந்து முறைத்தாள்.

"சேச்சே! அதுக்கு மட்டும் 'என்'தான் ஸார்!"

"அதெப்படி? சரி, கேட்டுட்டாப் போச்சு. எனக்குக் கொரியா வேர் லேகியம் தரானே, சாலைக் கம்போளத்துலே கடை விரிச்சிருக்கிற கொரியாக்காரன், அவனை வரச் சொல்லியிருக்கேன்."

ஸ்ரீகண்டன் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தான். "நான் கத்துண்டது மலைப்பக்கத்துக் கொரியா. அவருக்குப் புரியாது."

"அவனும் மலைப்பக்கம்தானாம். நன்னாப் போச்சு!"

"தொண்டை வேற கட்டிண்டிருக்கு."

உடனே மிளகுக் கஷாயம் வந்தது. கூடவே தோளில் வேர் மூட்டையோடு லேகியக்காரனும் வந்தான்.

ஸ்ரீகண்டன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, "உரி கொடாங்" என்றான்.

லேகியக்காரன் அவனையே உற்றுப் பார்த்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தான். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "கொடாங்! கொடாங்! அசல் நம்ம ஊர் பேச்சு!" என்று கத்தினான்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. வேலை அங்கேயே உறுதியாயிற்று. மாமனார் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீகண்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் லேகியக்காரனைத் தனியே மடக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எதுக்குய்யா என்னைக் காப்பாத்தினே?"

லேகியக்காரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்கதானே ஸாரே என்னைக் காப்பாத்தினது! வேரு இங்கே கல்லாத்துக் கரையிலே பிடுங்கின வேரு, நான் பொன்முடித் தேயிலைத் தோட்டத்து நேபாளி!"