எறும்புப் பண்ணை வைத்து இதயம் வாங்கிய நரி

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. அது நான்தான். சிரிக்காதீர்கள். இப்போது பார்த்தால் ஓய்வூதிய வரிசையில் நிற்கிற கிழவன் மாதிரிதான் இருப்பேன். அப்போது எனக்குப் புசுபுசுவென்று வால் இருந்தது. அந்த இடத்தில் இப்போது இடுப்புப் பிடிப்பு இருக்கிறது.

கதையில் நரி வந்துவிட்டால் பின்னாலேயே தந்திரமும் வரும் என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம், என் மனைவி செங்கமலம் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் தூங்குவதுபோல் கிடப்பது. அதையும் அவள் என் காது ஆடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தச் செங்கமலத்துக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. பொந்திலிருந்து குளத்துக்கு நடந்தால் வழியில் உட்கார்ந்துவிடுவாள். மரங்கொத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அவள் நெஞ்சில் மூக்கால் தட்டித் தட்டிக் கேட்டார்.

"செல் அரிச்ச மரம் மாதிரி சத்தம் வருதே. இந்த இதயம் இனி ஓடாது. கடல் தாண்டிப் போய் வேற இதயம் வைக்கணும்."

செலவு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். "டாக்டர், அப்படியே என் நெஞ்சையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க" என்றேன்.

சரி, நாலு பேரிடம் கேட்போம் என்று குரங்கின் கைபேசியை இரவல் வாங்கி ஒரு வீடியோ எடுத்தேன். "என் பெண்டாட்டி உயிரைக் காப்பாத்துங்க" என்று நிஜமாகவே அழுதேன். காடே பார்த்தது. கீழே வந்த பதில்களை வாசித்தேன். 'நரியண்ணே, நடிப்பு பிரமாதம்.' 'கண்ணீர் வர என்ன போட்டீங்க, வெங்காயமா?' 'அடுத்த பாகம் எப்போ?'

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல? மூஞ்சிய மாத்திட்டு வீடியோ போடுங்கன்னு."

பிறகு நேரிலேயே போனேன். முதலில் கரடி அண்ணாச்சி கடை. காட்டிலேயே பெரிய தேன் மண்டியும் பாத்திரக் கடையும் அவருடையதுதான்.

"ஏம்ல, போன கிரகணத்தப்ப சூரியன ஊதி அணைச்சதே நான்தான்னு சொன்னவன்தானே நீ?" என்றார்.

"அது சும்மா பேச்சுக்கு அண்ணாச்சி. இது நிஜம்."

"சூரியனும் நிஜம்னுதான் சொன்னே."

சொன்னேன்தான். கிரகணம் விட்டபோது "போனால் போகிறது, ஏற்றிவிட்டேன்" என்றும் சொன்னேன். அதற்காக ஒரு கோழிக்கால்கூட அன்பளிப்பாக வாங்கியிருந்தேன். ஆயுள் முழுக்கப் புளுகிப் பிழைத்தவனுக்கு உண்மை சொல்லப் போனால் நாக்கே ஒத்துழைக்காது. குரல் வேறு மாதிரி வரும். உண்மையைத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து முயல் வாத்தியார். அவர் நல்லவர், ஆனால் சட்டம் பார்ப்பவர். "தர்றேன். யாரு தரமாட்டேன்னா? மருத்துவச் சான்று வேணும். இருப்பிடச் சான்று வேணும். ரெண்டுலயும் பச்சை மையில கையெழுத்து வேணும்."

பச்சை மைக்காகச் சிங்கராஜாவின் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆமை, வரிசை நகர்ந்தாலும் நகரவில்லை. கடைசியில் ஜன்னலில் முள்ளம்பன்றி குமாஸ்தா தலையை நீட்டியது.

"நோயாளி எங்கே?"

"நடக்க முடியாதுங்க. அதுக்குத்தானே சான்று."

"நடக்க முடியலேன்னு நேர்ல நடந்து வந்து சொல்லச் சொல்லு. அப்புறம் எழுதறேன். பச்சை மை வேற தீந்துபோச்சு."

வெறுங்கையோடு திரும்பினேன். குளத்துக்குப் போகிற பாதையில் பாதித் தூரத்தில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். நான் வரத் தாமதமானதால் தானே தண்ணீர் எடுக்கக் கிளம்பியிருக்கிறாள். குடம் காலியாக உருண்டு கிடந்தது. அவள் பாதத்தின் மேல் கட்டெறும்புகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. தட்டிவிடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இதுகளுக்கு இருக்கிற சுறுசுறுப்புல கால்வாசி எனக்கு இருந்தாப் போதும்" என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

நான் எறும்புகளைப் பார்த்தேன். நாக்கு அதுவாகவே சுறுசுறுப்பானது.

மறுநாள் ஆலமரத்தில் ஒரு பலகை தொங்கியது. 'வெளிநாட்டு எறும்பு வளர்ப்புத் திட்டம். இன்று போட்டால் மழைக்காலம் முடிந்ததும் இரட்டிப்பு. இன்றே சேருபவர்களுக்கு எவர்சில்வர் தூக்குவாளி இலவசம்.'

திட்டம் எளிமையானது. பணம் கட்டுபவருக்கு ஒரு புட்டியில் கொஞ்சம் எறும்பு கொடுப்பேன். அவர் சர்க்கரை போட்டு வளர்க்க வேண்டும். பெருகியதும் நானே இரண்டு மடங்கு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வேன். எறும்பெல்லாம் என் பொந்துக்குப் பின்னால் ஊர்ந்தவைதான்.

முதல் ஆளாகக் கரடி அண்ணாச்சி வந்தார். "இது எந்த ஊரு எறும்பு?"

"பெயர் சொன்னா வாயில நுழையாது அண்ணாச்சி. இதன் முட்டையிலதான் அங்க முகப்பூச்சு பண்றான்."

"கடிக்குமா?"

"அந்த நாட்டுல கடிக்கிறதுக்குத் தடை."

அப்போதே ஒன்று அவர் விரலைக் கடித்தது. "பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு சீக்கிரம் பழகிருச்சு!" என்றேன். அண்ணாச்சி பூரித்துப் போய் மடியை அவிழ்த்தார். ரசீது கேட்கவில்லை. தூக்குவாளியை மட்டும் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இத்தனைக்கும் அந்தத் தூக்குவாளிகளை அவர் கடையிலேதான் கடனாக எடுத்திருந்தேன்.

முயல் வாத்தியார் வந்தார். சான்று கேட்பார் என்று பயந்தேன். அவர் என் காதோடு, "என் மச்சான் பேர்லயும் ஒண்ணு போட்டா ரெண்டு தூக்குவாளி வருமா?" என்றார். முள்ளம்பன்றி குமாஸ்தா வரிசையில் நிற்காமல் பின்பக்கமாக வந்து கட்டிவிட்டுப் போனது. செங்கமலத்துக்குப் பத்து ரூபாய் தராத காடு, எறும்புக்கு அள்ளிக் கொட்டியது. இவ்வளவு நம்பிக்கையை என் மேல் யாரும் வைத்ததில்லை. ஒரு கட்டத்தில் நானே ஒரு புட்டி வாங்கிப் போடலாமா என்று யோசித்தேன்.

செங்கமலத்தைக் கொக்குகள் ஊஞ்சல் கட்டிக் கடல் தாண்டிக் கொண்டு போயின. கிளம்பும்போது கேட்டாள். "ஏங்க, இவ்வளவு காசு ஏது?"

"எல்லாரும் மனசார கொடுத்தாங்க புள்ள."

அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

மழைக்காலம் முழுக்க நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. மழை விட்டதும் கொக்குகள் திரும்பி வந்தன. ஊஞ்சலிலிருந்து செங்கமலம் தானாகவே குதித்து இறங்கினாள். அங்கே ஒரு போலீஸ் நாய் விபத்தில் இறந்துபோக, அதன் இதயத்தைத்தான் அவளுக்கு வைத்தார்களாம். உடனே மரங்கொத்தி டாக்டரிடம் ஓடினேன். இதயம் வெறும் பம்புதான், குணமெல்லாம் மாறாது என்று அவர் சத்தியம் செய்தார்.

குணம் மாறவில்லை. அதுதான் வினையே. செங்கமலம் எப்போதும் நன்றி மறக்காதவள். வந்த அன்றே வீடு வீடாக நன்றி சொல்லக் கிளம்பிவிட்டாள். நான் தடுத்தும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கொடுத்த காசுலதான் என் உசுரு நிக்குது" என்று கரடியின் காலைத் தொட்டாள்.

"நான் எங்கம்மா கொடுத்தேன்? நான் எறும்புல இல்ல போட்டேன்?"

முயல் வாத்தியார் வீட்டிலும் எறும்பு. குமாஸ்தா வீட்டிலும் எறும்பு. செங்கமலம் திரும்பி என்னைப் பார்த்தாள். என் காது ஆடியது.

ஓடினேன். குளம், மூங்கில் புதர், பாறைமேடு என்று வால் தெறிக்க ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கரடியாக இருக்கும் என்று நினைத்தேன். பாறைமேட்டின் உச்சியில் என் வாலைப் பல்லால் கவ்வி இழுத்துப் போட்டது செங்கமலம்.

"ஓடாதீங்க. வந்து பதில் சொல்லுங்க."

நான் தரையில் கிடந்து இரைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. அத்தனை தூரம் ஓடி வந்திருக்கிறாள், மூச்சே வாங்கவில்லை. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். "இன்னொரு தடவை ஓடட்டுமா? துரத்துறியா?" என்று கேட்டேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். அதிலும் நல்ல தெம்பு இருந்தது.

வாலைப் பிடித்தபடியே என்னை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்தாள். காடே எறும்புப் புட்டியோடு கூடியிருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"ஏம்ல, இதுக்குத்தான்னு நேரா கேட்டிருந்தா நாங்க கொடுத்திருக்க மாட்டோமா?" என்றார் கரடி அண்ணாச்சி. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"கேட்டேனே அண்ணாச்சி. சூரியனைச் சொன்னீங்க. வாத்தியார் பச்சை மை கேட்டார்."

எல்லாரும் குனிந்து கையிலிருந்த புட்டியைப் பார்த்தார்கள். புட்டிக்குள் எறும்புகள் மட்டும் ஊர்ந்தன.

செங்கமலம் எழுந்து நின்றாள். "இவரு ஏமாத்தினது தப்புதான். நான் வேலை செஞ்சு அடைக்கிறேன். இப்பத்தான் தெம்பு இருக்கே."

அப்போது முயல் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம் யோசிக்கணும். இந்த விஷயம் பக்கத்துக் காட்டுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவான்? நரிகிட்ட எறும்பு வாங்கின முட்டாப் பசங்கன்னுதானே?"

குமாஸ்தா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது. கரடி அண்ணாச்சி மெதுவாகத் தன் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எறும்பா? எந்த எறும்பு?" என்றார். "நாங்க அந்தப் புள்ளைக்கு இதயம்ல வாங்கிக் கொடுத்தோம்!"

அடுத்த நாள் ஆலமரத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய ஃபிளெக்ஸ் நின்றது. 'இதயம் ஈந்த வள்ளல்களே, வருக!' அதில் எல்லார் முகமும் இருந்தது. ஒரு ரூபாய்கூடத் தராத சிங்கராஜா நடுவில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். செங்கமலத்தின் படம் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவில். விழாவில் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். ஃபிளெக்ஸ் செலவு, பொன்னாடைச் செலவு இரண்டையும் என் தலையில் கட்டினார்கள். இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

விழா முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்தார். பொன்னாடை தோளில் பளபளத்தது.

"ஏம்ல நரி, அடுத்த திட்டம் எப்பல? அந்தத் தூக்குவாளிக்கு மூடி மட்டும் தனியாத் தர்ற மாதிரி ஏதாச்சும் வருமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்ற செங்கமலம் தலையைத் திருப்பி, மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

நீதி: உயிர் போகிறது என்று உண்மையைச் சொல்லப் போகிறவர்கள், தயவுசெய்து கையோடு ஒரு தூக்குவாளி எடுத்துப் போகவும்.