எழுபதாவது நிமிட மரியாதை

உலகக் கால்பந்துக்கு எங்கள் ஊர் வழங்கிய கொடை ஒன்று உண்டு. ஆட்டக்காரரை மாற்றுவதற்கு மற்றவர்கள் களைப்பு, காயம், திறமை என்று எதையெதையோ பார்க்கிறார்கள். நாங்கள் கோயிலில் பரிவட்டம் கட்டும் வரிசையைப் பார்க்கிறோம். முதல் பரிவட்டம் எந்த வீட்டுக்கோ, அந்த வீட்டுப் பிள்ளை எழுபதாவது நிமிடம் இறங்கியாக வேண்டும். இந்த 'விஞ்ஞான முறை'யை ரசிகர் மன்றச் செயலாளராகிய நானே முன்மொழிந்தேன்.

போன ஞாயிறு கண்டனூருடன் ஆட்டம். எழுபதாவது நிமிடத்தில் நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். எங்கள் கோல்கீப்பர் அழகு அதுவரை ஒன்பது பந்தைத் தடுத்திருந்தான். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் அன்று வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அணியில் சேர்ந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. ஆனால் ஒருவனுடைய பிழைப்புக்காக மரபை விட முடியுமா? அழகை வெளியே கூப்பிட்டுவிட்டு, முதல் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் மன்றத் தலைவர் சின்னச்சாமியின் மகன் முத்துராமனைக் கோலில் நிறுத்தினோம். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

மறுநாள் சாயங்காலம் ஊர்க் கலையரங்கில் 'ஆய்வுக் கூட்டம்'. அழகு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"மொதக் கோலு செல்லாது," என்றார் கருத்தையா. கால்பந்து விதிகளை யூடியூபில் பயின்ற எங்கள் 'சட்ட நிபுணர்'. "தம்பிக்குப் பொன்னாட போத்திக்கிட்டு இருக்கையில அடிச்சுட்டாய்ங்க. ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்தியிருக்கணும்ல?"

"ஆட்டத்துக்கு நடுவுல உள்ள போயிப் போத்துனது யாரு?" என்று கேட்டார் வார்டு உறுப்பினர் அனுசுயா.

"நாமதான். அதுக்காக ஒரு மட்டு மரியாத வேணாமா?"

"ரெண்டாவது கோலு?"

"வெயிலு கண்ணுல அடிச்சுச்சு. அங்குட்டு இருக்க கோல்ல போயி நின்னுக்கிறேன்னு தம்பி தன்மையாத்தான் கேட்டான். ரெஃப்ரி முடியாதுன்னுட்டாரு."

"பெனால்டி?"

"அவிய்ங்க ஆளு கால ரெண்டு கையாலயும் புடிச்சான், நெசந்தான். விழுந்துறக் கூடாதேன்னு புடிச்சான். அது ஒரு குத்தமா?"

அனுசுயா விடவில்லை. "செயிச்சுக்கிட்டு இருக்கையில அழக எதுக்கு மாத்துனீக? அதச் சொல்லுங்க."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அழகு மேல எனக்கு வருத்தந்தான். கூப்புட்ட ஒடனே ஓடியாந்துட்டான். நொண்டிக்கிட்டு மெதுவா வந்திருந்தா அஞ்சு நிமிசம் ஓடியிருக்கும்ல?"

பலத்த கைதட்டல். அழகு எழுந்து, "மன்னிச்சுக்கங்கய்யா," என்றான். எனக்கே கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட பணிவு வேறு எந்த ஊர் கோல்கீப்பருக்கு வரும்? அனுசுயாவின் எதிர்ப்பு நீங்கலாக, ரெஃப்ரிக்குக் கண்டனம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தேர்வாளர்.

"எழுபது நிமிசம் வரைக்கும் கோல்ல நின்ன பையன் பேரு என்ன சார்? இன்னைக்கே லிஸ்ட் அனுப்பணும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு தலைவர் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"வரிசைப்படி சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். "பேரு முத்துராமன் சார். தகப்பனார் சின்னச்சாமி."

அழகு பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். "யாருண்ணே போன்ல? மாவட்டத்துல இருந்தா?"

"ராங் நம்பர்ப்பா," என்றேன்.

பிறகு, இந்த விவகாரம் முழுவதிலும் தப்பான தீர்ப்புச் சொன்னவர் ரெஃப்ரி ஒருவரே என்று கண்டனத் தீர்மானத்தில் எழுதி, முதல் கையெழுத்தை நான் போட்டேன்.