வேண்டாத சிலை

“முடியாதுன்னா முடியாது. எங்க குடும்பத்துல யாருக்கும் விளம்பரம் பிடிக்காது” என்று போஸ்ட்மாஸ்டர் கையை உயர்த்தினார். பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் அந்தக் கை எழுந்தால் கவுன்ட்டர் மூடியதாகத்தான் அர்த்தம். அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

எதிரே பூச்சிமருந்துக் கடைக்காரர் பாதி திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார். நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டும் மறக்கப்பட்டுவிட்ட உள்ளூர்க்காரர்களுக்குப் பூங்காவில் கல்வெட்டு வைக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். “உங்க வீட்டுலருந்து ஒருத்தங்க” என்று அவர் ஆரம்பித்ததுமே போஸ்ட்மாஸ்டரின் கை எழுந்துவிட்டது.

காரணம் உண்டு. அவருடைய அப்பா அந்நிய ஆட்சியில் போலீஸ் ஏட்டு. ஊர்வலம் போனவர்களின் முதுகில் லத்தியைப் பதித்தவர். விடுதலை வந்ததும் குடும்பம் அதை மென்று விழுங்கிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அப்பா கணக்கு வாத்தியார் என்றே போஸ்ட்மாஸ்டர் சொல்லிவந்தார். வீட்டிலிருந்த ஒரே போட்டோவையும் காக்கிச் சட்டை தெரியாதபடி கழுத்தோடு வெட்டி, சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டியிருந்தார். படத்தில் பக்கத்தில் நின்ற அம்மாவும் கத்தரித்த துண்டோடு போய்விட்டாள்.

“எவ்வளவு அடக்கம்!” என்று கடைக்காரர் நெகிழ்ந்தார். “வெறும் கல்வெட்டு போதாதுங்க. சிலையே வெச்சிடுவோம். ஒரே ஒரு போட்டோ மட்டும் குடுங்க.”

“செல்லரிச்சுப் போச்சு.”

“போன மாசம்தானே எங்க கடையில செல்லுக்கு மருந்து வாங்கினீங்க?”

“அந்த மருந்தோட லட்சணத்தைத்தான் சொல்றேன்.”

கடைக்காரர் எழுந்து போனார்.

போட்டோ இல்லாததால் குழு சிற்பியை வீட்டுக்கே அனுப்பிவிட்டது. அவர் ஈரக் களிமண்ணைக் கூடத்தில் இறக்கினார். “ஜாடை அப்படியே உங்க முகத்துல இருக்குன்னு பெரியவங்க சொல்றாங்க சார். நீங்க சும்மா உட்கார்ந்தா போதும். மீசையை மட்டும் எடுத்துடணும்.”

மீசை இல்லாமல் செய்தால் அப்பாவை எவனுக்கும் அடையாளம் தெரியாது என்று போஸ்ட்மாஸ்டர் கணக்குப் போட்டார். போய் எடுத்துவிட்டு வந்தார்.

“கல்யாணத்தன்னிக்கு எங்க அப்பா கெஞ்சினாரே, அப்போ எடுத்தீங்களா?” என்றாள் மனைவி. “இப்போ உரிச்ச கோழி மாதிரி வந்து நிக்கிறீங்க.”

“நீ உள்ள போ.”

முகம் தப்பாக வரட்டும் என்று போஸ்ட்மாஸ்டர் கன்னத்தை உப்பினார், புருவத்தைச் சுளித்தார்.

“அடடா, அந்த வேதனை அப்படியே வருது சார்!” என்று சிற்பி பரவசப்பட்டார். “இதுக்கு நான் கூலியே வாங்கல. எங்க தாத்தா சாகுற வரைக்கும் உங்க வீட்டைப் பத்தித்தான் பேசுவாரு. பேசும்போதே கண்ணுல தண்ணி வந்துடும்.”

கன்னத்தில் இருந்த காற்று இறங்கியது. “உடம்புல… தழும்பு ஏதாவது இருந்துச்சா?”

“முதுகு பூரா சார். கொஞ்சம் இப்படி வந்து பாருங்க, முகம் சரியா இருக்கா?”

“வேண்டாம்ப்பா. துணியைப் போட்டு மூடு.” அந்த மண்ணை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்க் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “பூங்காவுல நாய்த்தொல்லை அதிகம். சிலைக்கு மரியாதையா இருக்காது.”

“சரியாச் சொன்னீங்க! நாற்சந்தியிலயே வெச்சிடுவோம்” என்றார் கடைக்காரர்.

திறப்பு விழாவன்று காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்தார். குழு நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிட்டது. “இந்த உடம்போடயும் வர்றாரே, மனுஷன்!” என்று தெருவே உருக, நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் இறக்கினார்கள். மனைவி வெந்நீரோடு பின்னால் வந்தாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அன்று அடி வாங்கியவர்களின் வாரிசுகள். அவர்களில் ஒரு பெரியவர் மேடையேறி வந்து, போஸ்ட்மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அந்தக் கை கூசியது. அப்பாவை மறைத்தது ஒரு அசிங்கம் என்றால், அவரிடம் அடி வாங்கியவர்களின் பிள்ளைகளிடமே மாலை வாங்கிக்கொள்வது எத்தனை பெரிய அசிங்கம்! இத்தனை காலம் கட்டிக் காத்த குடும்ப மானம் இப்படியா முடிய வேண்டும்? பேசிக்கொண்டிருந்த கடைக்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“நிறுத்துங்க! எங்க அப்பா தியாகி இல்ல. கணக்கு வாத்தியாரும் இல்ல. போலீஸ் ஏட்டு! உங்க பெரியவங்களை அடிச்ச லத்தி எங்க வீட்டு மூலையிலதான் சாத்தியிருக்கும். இந்த மரியாதைக்கு எங்க வீட்டுக்கு யோக்கியதை கிடையாது. மன்னிச்சிடுங்க.”

மைக் கீச்சிட்டு அடங்கியது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரர் சிற்பியைப் பார்த்தார். சிற்பி ஒன்றும் புரியாமல் போஸ்ட்மாஸ்டரையே பார்த்தார். பிறகு மெல்ல வந்து, சிலையை மூடியிருந்த துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அது ஊருக்கே தெரியுமே சார், ஏட்டு வீட்டை எந்தப் போலீஸும் சோதனை போடாதுன்னுதானே உங்க அம்மா எங்க தாத்தாவை உங்க வீட்டுப் பரண்லயே ஒளிச்சு வெச்சாங்க, இது அவங்க சிலை!”