நாலு அணில்களும் ஒரு கடவுச்சொல்லும்

ஒரு காட்டில் அணில்கள் இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா இருந்தனவா? மழைக்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகளைக் குகையில் வைத்து, கடவுச்சொல் சொன்னால் திறக்கும் நவீனக் கதவு ஒன்றையும் மாட்டின. சொல் எல்லா அணிலுக்கும் தெரியும். பசித்தது போய்ச் சொல்லும், தின்னும்.

அங்கே வந்து சேர்ந்தது துரைக்கண்ணு என்றொரு கீரி. பாம்புகள் நடுவே உளவு பார்த்து ஓய்வுபெற்றது.

"இது கதவா, சத்திரமா? அவனவனுக்குத் தேவையானது மட்டும்தான் அவனவனுக்குத் தெரியணும். உளவுத்தொழிலோட முதல் பாடம்!" என்றது.

புதுச் சொல் ஒன்றை நாலு துண்டாக்கி, நாலு அணில்களின் காதில் தனித்தனியாக ஓதியது. யாரிடம் துண்டு என்பது பரம ரகசியம். கூலி, ஒரு கூடை முந்திரி. பேரம் பேசாமல் கொடுத்தன, முட்டாள்கள்!

சில நாளில் ஒரு மரநாய், கழுத்தில் அடையாள அட்டையோடு மரம் மரமாக ஏறியது.

"பாதுகாப்புச் சோதனைங்க. துண்டு ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும்."

"என்னைப் பார்த்தா மறக்குற ஆளாத் தெரியுது?" என்று ரோஷப்பட்டு நாலும் ஒப்பித்தன. எத்தனையாவது துண்டு என்பதையும் சேர்த்து!

மழை பிடித்தது. குட்டிகள் பசியில் கத்தின. அம்சவேணி என்ற தாய் அணில், "துண்டு யார்கிட்டய்யா இருக்கு?" என்று அலைந்தது.

"ஏன் கேக்குற? யார் உன்னை அனுப்பினது?" என்று முறைத்தன. நாலும் வாயைத் திறக்கவில்லை.

கீரியோ, "ஓதினதுமே மறந்துட்டேம்மா. அதுதான் தொழில் தர்மம்," என்றது பெருமையாக.

ஊரே வாடும்போது மரநாய் மட்டும் கொழுப்பதைக் கவனித்த அம்சவேணி, நேரே அதன் பொந்துக்குப் போனது.

"வந்து கதவைத் திற."

"திறக்கிறேன்க்கா. பாதி எனக்கு."

"பாதியா! நீ பொறுக்கினியா, சுமந்தியா? தினம் ஒரு பிடி. சொல்லையே மாத்திடுவோம், பாத்துக்க!"

"மாத்துங்க. நாலு பேரும் எங்கிட்டதானே வந்து ஒப்பிப்பாங்க?"

அம்சவேணி கோபத்தை விழுங்கியது. "சரி. திருடித் தின்னா, கொட்டை தீர்ந்ததும் நீயும் பட்டினி. காவல்காரனா இருந்தா வருஷம் முழுக்கச் சாப்பாடு. எது வேணும்?"

மரநாய் தாடையைச் சொறிந்தது. "ரெண்டு பிடி."

"ஒண்ணரை. எழுந்திரு, குட்டிங்க அழுது."

அன்று குட்டிகள் வயிறாரத் தின்றன. அதன்பின் பசித்த அணிலுக்கெல்லாம் மரநாயே கதவு திறந்துவிட்டது. கீரி மீசையை முறுக்கியது: "பாத்தீங்களா? கடைசியில ரகசியம் ஒரே ஆள்கிட்டதான் இருக்கு!"

நீதி: கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே, திருடனைத் தவிர. நீ மறந்த நாளில் அவன் ஒருவன்தான் ஞாபகம் வைத்திருப்பான்.