அரிசிக் குறிக்குக் கீழே

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வாசலில் நுழைந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் வகை. நேரம் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நேரம் எங்கள் குளியலகத்தின் சுவரிலேயே, பால் புட்டிகள் இருக்கும் குளிர்ப்பெட்டிக்கு மேலே, பானை மூடி அளவுக்குத் தொங்குகிறது. அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இவர்கள் பார்ப்பது, அப்டேட் வந்துவிட்டதா என்று.

ஒசாகா கோட்டைப் பூங்காவுக்குப் பின்தெருவில் இருக்கிறது எங்கள் ஹினோதே குளியலகம். ஓடுகிறவர்கள் இங்கே வந்து துணிமணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கோட்டையைச் சுற்றி ஓடி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து வெந்நீரில் இறங்குவார்கள். கல்லாவில் நான் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம். நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கில்லாததால் முகங்களைவிட மணிக்கட்டுகளைத்தான் நன்றாகத் தெரியும். முதலில் அவற்றில் முள் கடிகாரம் இருந்தது. பிறகு காலடியை எண்ணும் கடிகாரம் வந்தது. பிறகு நெஞ்சுத் துடிப்பை எண்ணுவது. இப்போது தூக்கத்தையும் எண்ணுகிறது. "நேத்து ராத்திரி நான் சரியா தூங்கலையாம்" என்று ஒருவர் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே சாவி வாங்கினார். தூங்கியது யார்? அவரா, கடிகாரமா?

இந்த வகையை அடையாளம் காண்பது எளிது. ஓடப் புறப்படுமுன் எங்கள் வாசலில் நின்று, மழை கேட்பவரைப் போல வானத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். செயற்கைக்கோள் அகப்பட வேண்டுமாம். கடிகாரம் பதிவு செய்யாத ஓட்டத்தை ஓட்டமாகவே எண்ண மாட்டார்கள். வேர்வை, மூச்சிரைப்பு, பாதக் கொப்புளம் எதுவும் அவர்களுக்குச் சாட்சி ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் வாயில் ஒரே ஒரு வாக்கியம் குடியிருக்கும்: "வாட்ச்சுல ஒரு குறையும் இல்ல, அந்த அப்டேட் மட்டும் வந்துட்டா..."

வந்துவிட்டால் என்ன? அதை யாரும் முடித்துச் சொன்னதில்லை.

இந்த வகையின் தலைமகன் தொனோமுரா அவர்கள். வயது ஐம்பத்தேழு. வார்டு அலுவலகத்தில் முகவரி மாற்றும் பிரிவில் இருபத்தொன்பது வருஷமாக வேலை. டோக்கன் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "வரிசைப்படி கூப்பிடுவோம், கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவர். டோக்கன் எடுத்த ஒருவரைக்கூடக் கூப்பிடாமல் வீட்டுக்கு அனுப்பியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. நியாயமான பெருமைதான். இடைஞ்சல் என்னவென்றால், உலகமே தன் அலுவலகத்தைப் போல நடப்பதாக அவர் நம்பிவிட்டார்.

போன வருஷம் வசந்தத்தில் அவருடைய ஒரே மகள் வேலை கிடைத்து சப்போரோ போனாள். வீடு அமைதியாகிவிட்டது. அவர் மனைவி ஹிசாமி எங்கள் கல்லாவில் கிடந்த ஒரு விண்ணப்பத்தை எடுத்து, நின்றபடியே இரண்டு பேர் பெயரையும் எழுதினார். நவம்பரில் கோட்டையைச் சுற்றி நடக்கும் பத்து கிலோமீட்டர் ஜோடி ஓட்டம். நிபந்தனை ஒன்றுதான்: இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

"முப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்" என்றார் ஹிசாமி என்னிடம். "சேர்ந்து ஒரு காரியம் செஞ்சதில்ல. இதையாவது செஞ்சு பாத்துடறேன்."

தொனோமுரா மகிழ்ந்துபோனார். மகிழ்ச்சி வந்தால் இந்த வகை என்ன செய்யும்? கடை வீதிக்குப் போகும். ஒரே மாதிரி இரண்டு கடிகாரங்கள் வாங்கி வந்தார், மூன்றாம் மாடல். ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. வாங்கிய மறு வாரம் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 'துணை ஓட்டம்' என்ற புதிய வசதி அப்டேட்டாக வரப்போகிறது. கூட ஓடுகிறவர் எவ்வளவு பின்னால் இருக்கிறார், களைத்திருக்கிறாரா, நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாம் உங்கள் மணிக்கட்டில் தெரியும். 'வரிசைப்படி வழங்கப்படும். அருள்கூர்ந்து பொறுத்திருக்கவும்.'

வரிசைப்படி! தன் தாய்மொழியை அயலூரில் கேட்டவர்போல ஆகிவிட்டார் மனிதர். அறிவிப்பின் மூன்று பக்கங்களையும் அச்செடுத்து, எங்கள் அறிவிப்புப் பலகையில் குத்தினார். வெள்ளிக்கிழமைதோறும் அதன் ஓரத்தில் தன் பெயர் முத்திரையை ஒன்று பதிப்பார். காத்திருந்த வாரங்களின் கணக்காம்.

பயிற்சி? "அப்டேட் வராம சேர்ந்து ஓடுறதுல அர்த்தம் இல்ல, ஹிசாமி. தரவு கிடைக்காது" என்றார். ஆகவே இருவரும் எங்கள் வாசலிலிருந்து சேர்ந்து புறப்படுவார்கள். பூங்கா வாயிலில் அவர் பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான், அம்பு போயிற்று. ஹிசாமி பின்னால் தன் போக்கில் தனியாக ஓடி வருவார். அடுத்து இருவரும் ஒருவர் குரலை ஒருவர் கேட்பது குளிக்கும்போதுதான். எங்கள் குளியலகத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அந்தக் காலத்திலிருந்தே தம்பதிகள் அதற்கு மேலாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்னங்க, நான் கிளம்புறேன்!"

"இன்னும் அஞ்சு நிமிஷம்!"

எந்த அப்டேட்டும் இல்லாமல் அறுபது வருஷமாக வேலை செய்யும் ஏற்பாடு.

தகோயாகி பலகாரக் கடை கிஷிகாமி அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. எழுபது வயது, வாரம் இரண்டு நாள் கோட்டையைச் சுற்றி ஓடுகிறவர், கையில் கடிகாரமே கிடையாது. "தொனோமுரா தம்பி, கூட வர்ற பொண்டாட்டி எவ்வளவு பின்னால வர்றான்னு தெரியணுமா?"

"ஆமா அக்கா, அந்த அப்டேட் வந்துட்டா..."

"கழுத்துன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, எதுக்கு? துண்டு போடவா? திரும்பிப் பாருங்க, தெரியும்!"

"அதுல தூரம் துல்லியமா வராதே அக்கா."

வாரங்கள் ஓடின. அவர் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசுவார். எங்கள் பால் பெட்டிக்கு முன்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத மறுமுனைப் பெண்ணுக்கு இடுப்பு வளைய வணக்கம் வைப்பார். "பிரமாதமா பேசுது அந்தப் பொண்ணு. வரிசைப்படி வரும்னு மூணு தடவை சொல்லுச்சு. எங்க ஆபீஸுல இருக்கவேண்டிய பொண்ணு." மற்ற நாட்களில் புலம்புவார்: அடுத்த தெருக்காரருக்கு வந்துவிட்டது, நான்காம் மாடலுக்கு வந்துவிட்டது, நாகோயாவில்கூட வந்துவிட்டதாம், நமக்கு மட்டும் ஏன் வரவில்லை? ஆனால் வரிசையைத் தாண்டி முண்ட மாட்டார். அது அநாகரிகம்.

அறிவிப்புப் பலகையைத் தினமும் துடைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ஆனால் மளிகைக் கடை விளம்பரத் தாள்களைப் படித்து வளர்ந்தவள். அவற்றில் ஒரு குறி வரும். ஒரு பெருக்கல், அதன் நான்கு இடுக்குகளிலும் நான்கு புள்ளிகள். பார்க்க 'அரிசி' என்ற ஜப்பானிய எழுத்தைப்போல இருப்பதால் அரிசிக் குறி என்போம். மேலே கொட்டை எழுத்தில் 'முட்டை பாதி விலை' என்றிருக்கும்; அரிசிக் குறிக்குக் கீழே, எறும்பு எழுத்தில், 'குடும்பத்துக்கு ஒரு பெட்டி, காலை பத்து மணி வரை' என்றிருக்கும். மேலே இருப்பது அவர்கள் சொல்ல விரும்புவது. கீழே இருப்பதுதான் நடக்கப்போவது.

தொனோமுராவின் முதல் பக்கத்தில் 'எங்கள் விளையாட்டுக் கடிகாரங்கள் அனைத்துக்கும்' என்ற வரியின் முடிவில் ஓர் அரிசிக் குறி இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில் அதன் விளக்கம்: 'மூன்றாம் மாடலும் அதற்கு முந்தியவையும் நீங்கலாக.'

அதற்குப் பக்கத்திலேயே இருபத்து மூன்று சிவப்பு முத்திரைகள்.

எனக்கு அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் துடைக்கும்போது மூன்றாம் பக்கத்தை மேலே வைத்துக் குத்திவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார், இருபத்து நான்காவது முத்திரையை அந்த வரிக்கு அரை விரல் தள்ளிப் பதித்தார், போய்விட்டார். படிக்கிற வகையல்ல அது, காத்திருக்கிற வகை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹிசாமி ஓடி முடித்து வந்து, பலகை முன்னால் நின்றார். விரலை வைத்து ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். பிறகு குளிக்கப் போனார். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேல் குரல் வந்தது.

"என்னங்க!"

"இன்னும் அஞ்சு நிமிஷம்!"

"கிளம்பக் கூப்பிடல. அரிசிய பாத்தீங்களா?"

"வீட்டுல தீந்துபோச்சா?"

"வெளியில நீங்க ஒட்டி வெச்ச தாளுல! மூணாவது பக்கம், அரிசிக் குறி. மூணாம் மாடல் நீங்கலாகன்னு போட்டிருக்கு!"

ஆண்கள் பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"...வரிசைப்படின்னுதானே போட்டிருக்கு?"

"வரிசை இருக்கு. அதுல நாம இல்ல!"

"தம்பி!" கிஷிகாமி அக்கா நுரையோடு உள்ளே புகுந்துவிட்டார். "டோக்கனே எடுக்காம அஞ்சு மாசமா பெஞ்சுல உக்காந்திருக்கீங்க!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் ஈனசுரத்தில், "தொனோமுரா சார், என்னோடதும் மூணாம் மாடல்தான். உங்கள நம்பித்தான் காத்துட்டிருக்கேன்" என்றார்.

தொனோமுரா வெளியே வந்தபோது வெந்நீரால் சிவந்தாரா வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை. உடனே என்ன செய்தார்? மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறீர்களா? உதவி எண்ணை அழைத்தார். குனிந்தார். கேட்டார். மறுபடி குனிந்தார். முகம் மலர்ந்து திரும்பினார். "நம்ம கருத்த மேலிடத்துக்குத் தெரிவிக்கிறாங்களாம்!"

ஹிசாமி தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் கல்லாவின் மேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"இத ஏதாவது பெட்டியில போட்டு வைங்க. நவம்பர் ஓட்டத்துக்கு நான் கிஷிகாமி அக்காவோட போறேன். இவரு பேர எடுத்துட்டு அக்கா பேர எழுதிடறேன்."

"பேர் மாத்தக் கடைசித் தேதி முந்தாநாளே முடிஞ்சுபோச்சே" என்றார் தொனோமுரா. அலுவலகப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "விண்ணப்பத்துல அரிசிக் குறி போட்டு எழுதியிருந்துச்சு."



"அந்த அரிசி மட்டும் கண்ணுல பட்டுச்சாக்கும்" என்றார் ஹிசாமி.

அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். கையில் திறந்த பால் புட்டியைக் குடிக்காமலே வைத்திருந்தார். மறுநாள் மாலை அவர் சாவி வாங்க நீட்டிய கையில் கடிகாரம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்து, கட்டுப் பிரித்த புண்போல இருந்தது. இருவரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள். வந்ததும் தொனோமுரா வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு தூரம் ஓடினோம்?" என்றார்.

"என் தங்கச்சி மாமியார் கதை முழுசும். அப்புறம் அவ புருஷன் கதையில பாதி."

"அது எத்தன கிலோமீட்டர்?"

"மாமியார் கதை கொஞ்சம் நீளம்."

ஐந்து வாரமும் அப்படித்தான் ஓடினார்கள். வளைவுகளில் கூட்டம் நெருக்கி யாராவது பின்தங்கினால், ஹிசாமி குளியலறைச் சுவருக்கு மேல் கூப்பிடுவதுபோல "என்னங்க!" என்பார், எங்கிருந்தோ "இருக்கேன்!" என்று பதில் வரும். துணை ஓட்டம் என்று கம்பெனி விற்பது இதைத்தான். கிஷிகாமி அக்காகூட அவரைச் சீண்டுவதை நிறுத்திக்கொண்டார். திருந்திவிட்டார் என்று ஊர் பேசியது.

திருந்துவதா? இந்த வகையா?

பந்தயத்தன்று எடுத்த படம் எங்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டுகிறார்கள். பிடித்த கைகள் இரண்டும் தலைக்கு மேலே உயர்ந்திருக்கின்றன. ஹிசாமி படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார். தொனோமுரா முகத்தை உயர்த்தி அந்தக் கைகளையே பார்க்கிறார். பார்க்கிறவர்கள் எல்லாம், "எவ்வளவு பெருமிதம் பாருங்க மனுஷனுக்கு" என்று உருகுகிறார்கள். எனக்கு மணிக்கட்டுகளைத் தெரியும். சட்டைக் கைக்குள்ளிருந்து மூன்றாம் மாடல் எட்டிப் பார்க்கிறது. ஹிசாமி பிடித்திருப்பது அந்தக் கையை; அவர் விரல்களுக்கு அடியில்தான் பொத்தான் இருக்கிறது. நேரத்தை நிறுத்தப் பொத்தானை அழுத்த வேண்டும். பிடியை விட்டால் ஜோடி கணக்கில் வராது. கையை மேலே தூக்கியது தொனோமுராதான், கடிகாரத்தைப் பார்ப்பதற்காக.

அவர் அழுத்தவில்லை. கையை விடவுமில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு மெடல் வாங்கும்போதும், எங்கள் தெருவுக்கு நடந்து வரும்போதும் அந்தக் கை விடுபடவில்லை. பிரிய வேண்டியது பெண்கள் பக்கத் திரைச்சீலைக்கு முன்னால்தான். அதற்குள் அந்தப் பத்து கிலோமீட்டரை அவர் இரண்டு மணி நாற்பத்தோரு நிமிஷத்தில் ஓடியதாகக் கடிகாரம் எழுதி வைத்துவிட்டது.

"பரவாயில்ல" என்றார் என்னிடம். "அப்டேட் வந்தா திருத்திக்கலாம்."

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த ஆறேழு நிமிஷத்தில் எத்தனை தடவை மணிக்கட்டைத் திருப்பினீர்கள், அல்லது போனைத் தொட்டீர்கள்? 'அது மட்டும் வந்துட்டா செய்வேன்' என்று யாருக்கோ சொல்லி வைத்திருக்கும் காரியம் என்ன? கொட்டை எழுத்தைத்தானே படித்தீர்கள்? அடியிலும் கொஞ்சம் பாருங்கள்.

இன்றைய நிலவரம் இதுதான். தொனோமுராவும் ஹிசாமியும் செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்து ஓடுகிறார்கள். ஹிசாமியின் கடிகாரம் எங்கள் நாற்பதாம் எண் பெட்டியில் சார்ஜ் தீர்ந்து கிடக்கிறது. பலகையில் முத்திரைகள் நாற்பத்து நான்கு. அப்டேட் வரவில்லை.