அரையிறுதியில் கொட்டிய செண்டுமல்லி

கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். அரையிறுதிப் போட்டிக்கு ஷூவை மறந்துவிட்டுப் போகலாம், ஜெர்சியை மறந்துவிட்டுப் போகலாம், யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளித்துவிடலாம். சொந்தக்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அவர்கள் பூ விவசாயம் செய்கிறவர்களாக இருந்தால், போட்டி நடக்கிறது என்ற விஷயத்தையே வீட்டில் மூச்சு விடக் கூடாது.

நான் நல்ல ஆட்டக்காரி. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? கூடையில் பட்டுத் திரும்பி வரும் பந்தை என் கையிலிருந்து பிடுங்கிப் போன பெண் அந்த நாளில் திண்டுக்கல் வட்டாரத்தில் பிறந்திருக்கவில்லை. பிடுங்க வந்தவள் சும்மாவும் திரும்பிப் போனதில்லை. முழங்கையில் சிராய்ப்போ, இடுப்பில் ஒரு இடியோ வாங்கிக்கொண்டுதான் போவாள். (ஆட்டம்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். பூப்போல ஆடணும்னா பூக்கட்டப் போயிருக்கலாம்ல?)

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து நூல் மில்கள் சிலவற்றுக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. வேடசந்தூர் பக்கம் ஒரு மில் என்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. பெயருக்கு நூல் சுற்றும் வைண்டிங் செக்‌ஷன், உண்மையில் வேலை மைதானத்தில். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், தினமும் முட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். பள்ளிக்கூடத்தில் ஓசியில் ஆடிய ஆட்டத்துக்குக் கூலி கிடைக்கும் என்று யார் கண்டார்கள்? மில்களுக்குள் லீக் ஆட்டம் நடக்கும். அதில் முதல் நான்கு இடத்தில் வரும் அணிகள் அரையிறுதிக்குப் போகும். அங்கே தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வருடம் மூட்டை கட்டுவது என்பதற்கு நிஜமாகவே அதுதான் அர்த்தம். லீக்கில் தட்டுத் தடுமாறி நான்காவதாக வந்திருந்தோம். முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஃபைனலுக்குப் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். கொடைரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா அதற்கு முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

“டீம் இருக்கற வரைக்கும் ஆடு, வேணாங்கல. டீம் இல்லைன்னா பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துரணும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாக?”

மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போது யூரியா மூட்டையும் வேண்டாம், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் வேண்டாம், பந்து வேண்டும். எங்கள் கேப்டன் சாந்தி அக்கா தொப்பம்பட்டிக்காரர். அவர் சம்பளத்தில்தான் இரண்டு தங்கச்சிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். “ஏங்கண்ணு, இதுல தோத்தமுன்னா நானு மறுக்கா ஆடு மேய்க்கத்தான் போவோணும். பாத்து ஆடு சாமி” என்று காலையிலிருந்து என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அரையிறுதி திண்டுக்கல்லில், சாயங்காலம். நான் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது மைதான வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, அருளப்பன் சித்தப்பா, பின்னால் பாதி ஊர். அதற்குப் பின்னால் சாக்கு மூட்டைகள். அந்த வாரம் செண்டுமல்லிக்கு மார்க்கெட்டில் விலையே இல்லை. குப்பையில் கொட்டுவதற்குப் பதில் நம் பிள்ளைக்குக் கொட்டுவோம் என்று சித்தப்பா அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சப்பரம் தெருமுனையில் திரும்பும்போது மாடியிலிருந்து கூடை கூடையாகப் பூக் கொட்டுவோம். அதற்கு ஒருவர் கையைத் தூக்கிச் சைகை காட்டுவார். சித்தப்பாவுக்குத் தெரிந்த கொண்டாட்டம் அது ஒன்றுதான்.

“எப்பத்தா போடணும்? எங்களுக்கு இந்த ஆட்டத்தோட தல எது வாலு எதுன்னு தெரியாது” என்றார்.

“நாங்க ஜெயிச்சதும் நான் அந்த ஸ்கோர் மேசையப் பாத்து ஒத்தக் கையத் தூக்குவேன் சித்தப்பா. அப்பப் போடுங்க.”

“கையத் தூக்குனாப் போடணும். அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்.”

ஜெயிப்போமா என்ற சந்தேகம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. வெற்றி வீராங்கனை எப்படி நிற்க வேண்டும் என்று ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் ஒத்திகையே பார்த்திருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அன்று எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அப்பா முதல்முறையாக நான் ஆடுவதைப் பார்க்கிறார். கோட்டுக்கு வெளியே முதல் வரிசையில் வெள்ளை வேட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு பெண்ணை எப்படி இடிப்பது? பந்துக்கு வந்தவளுக்கெல்லாம் வழி விட்டேன். ஒருத்தி என் மேல் மோதி விழுந்தபோது கை கொடுத்துத் தூக்கி, தூசியைக்கூடத் தட்டிவிட்டேன். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் பெஞ்சிலிருந்து குதித்தார்.

“ஏ ஜெசிந்தா! ஒன்னையப் பொண்ணு பாக்கவா வந்திருக்காக? ஆடுறியா, காபித் தட்டு ஏந்துறியா?”

எதிரணியில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். கையை நீட்டினால் கூடை வளையமே தட்டுப்படும் போலிருக்கும். அவளை நான் மரியாதையாக நடத்திய லட்சணத்தில் இடைவேளைக்குள் நாங்கள் நன்றாகப் பின்தங்கிவிட்டோம். பிறகு சாந்தி அக்கா தனியாளாக ஆடி ஆடிப் புள்ளிகளைச் சேர்த்தார். உயிரைக் கொடுத்து ஆடுவது என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். மைதானமே கத்துகிறது. நெட்டைப் பெண் பந்தோடு என்னைப் பார்த்து வருகிறாள். ஓடி ஓடி நாக்குத் தள்ளிப் போயிருந்தாள் பாவம், கால் பின்னுகிறது. சும்மா விட்டிருந்தால்கூட அந்தப் பந்து கூடைக்குப் போயிருக்காது.

எனக்கு அப்பா மறந்துபோனார், வேட்டி மறந்துபோனது. அவள் பந்தை உயர்த்தினாள். நான் வைத்தேன் ஒன்று. சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

விசில்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபவுல் செய்தவள் ஸ்கோர் எழுதுகிறவரின் மேசையைப் பார்த்து நின்று, ஒரு கையை நேராகத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். எந்தப் புள்ள செய்தது என்று அவர் பார்த்து எழுதுவதற்காக. நான் ஒரு ஆட்டத்துக்குப் பல தடவை தூக்குகிறவள். மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போன காரியம். சித்தப்பாவிடம் வாக்குக் கொடுத்தபோது அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

விசில் சத்தம் கேட்டதும் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா சாக்கின் வாயைப் பிரித்து, என் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே ஆளுக்கொரு கூடையோடு நிற்கிறது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“ஏழாம் நம்பர், கையைத் தூக்கும்மா” என்றார் மதுரையிலிருந்து வந்த ரெஃப்ரி.

“சார், நான்தான் சார் பண்ணேன். எழுதிக்கச் சொல்லுங்க சார்.”

“கையைத் தூக்கு.”

“வாயால ஒத்துக்கறேனே சார், போதாதா?”

“தூக்கலைன்னா இன்னொரு ஃபவுல் எழுதுவேன். பரவாயில்லையா?”

காது வரைக்கும் தூக்கினேன். “ஒழுங்கா!” என்று அதட்டினார். அம்மாடி, வேறு வழியில்லை, தூக்கினேன்.

“போடுங்கப்பா!” என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் செண்டுமல்லி. நாலு பக்கமும் இருந்து கொட்டுகிறார்கள். யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். ரெஃப்ரி ஊதிய விசிலைத் திருவிழா ஊதல் என்று நினைத்து எங்கள் ஆட்கள் குலவையிட்டார்கள். சித்தப்பா உள்ளே ஓடிவந்து ஆளுயர ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டார். அவரைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். என்னை ஒருநாளும் நாலு பேர் முன்னால் பாராட்டாத அப்பா, என் வியர்த்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஜெயிச்சுட்டா! எம்மக ஜெயிச்சுட்டா!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். அந்த முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்பா... இன்னும் முடியலப்பா.”

“என்னத்தா சொல்ற?”

“நான் தப்பாட்டம் ஆடிட்டேன். அதுக்குத்தான் கையத் தூக்கச் சொன்னாக.”

அப்பாவின் கை என் தலையிலிருந்து மெதுவாக இறங்கியது. என் வாழ்க்கையில் அதைவிட மோசமான நிமிடம் வேறு கிடையாது.

விளக்குமாறு தேடி, பூவைக் கூட்டி, சாக்கில் அள்ளும்வரை ஆட்டம் நின்றது. எங்கள் ஊர்ப் பெண்களே வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டினார்கள். நாக்குத் தள்ளிப் போயிருந்த நெட்டைப் பெண் அதற்குள் உட்கார்ந்து நன்றாக இளைப்பாறிவிட்டாள். அவளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் அம்மா. (“பாவம், புள்ளைக்கு எளைக்குதுடி. யாரு பெத்த புள்ளையா இருந்தா என்ன?”) கொடுத்ததோடு விடாமல் முந்தானையால் முகத்தையும் துடைத்துவிட்டார். அவள் தெம்பாக எழுந்து வந்து, என் ஃபவுலுக்குத் தண்டனையாக அவளுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் அழகாகக் கூடைக்குள் போட்டாள். அவர்கள் ஒரு புள்ளி முன்னால்.

இன்னும் சில நொடிகள் இருந்தன. சாந்தி அக்கா பந்தோடு பாய்ந்தார். ஒருத்தியைத் தாண்டினார், இன்னொருத்தியைத் தாண்டினார், கூட்டாமல் விட்ட ஒரு கைப்பிடிச் செண்டுமல்லியைத் தாண்டவில்லை. வழுக்கி உட்கார்ந்தார். பந்து எகிறிப் போய்ச் சித்தப்பாவின் மடியில் விழுந்தது. அவர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

முதலாளி சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே அணி கலைந்தது. சாந்தி அக்காவை மட்டும் ஜெயித்த மில் மைதானத்திலேயே கொத்திக்கொண்டு போய்விட்டது. “ஆடு மேய்க்கற வேல தப்புச்சுது கண்ணு” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனார். என்னைக் கேட்க நாதியில்லை. அப்பா வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தவர், மாஸ்டரைப் பார்த்ததும் நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். நேத்து எம்மக பண்ணது தப்பாட்டமா?”

“பின்ன? அடிச்ச அடி எனக்கே வலிச்சுதுங்கய்யா.”

“நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்யா. புள்ள பந்தத்தான் தொட்டா.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா பெட்டியோடு கேட்டைத் தாண்டினார்.

பஸ்ஸில் திண்டுக்கல் வரைக்கும் உரக்கடையையும் யூரியா வாசனையையும் நினைத்து நான் அழுதுகொண்டே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் கொடைரோடு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அப்பா அதைத் தாண்டி நடந்தார். வேறு ஒரு பஸ்ஸில் ஏற்றி, எங்களை ஜெயித்த அதே மில் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அவர்கள் கோச் முன்னால் என்னை நிறுத்தினார்.

“ஐயா, எம்மக நல்லா ஆடுவா. நேத்து நடந்தது எங்க தப்பு, பூப் போட்டது நாங்க. அதுக்காக ஆடுற புள்ளைய வீட்டுல உக்கார வைக்கலாமா? சேத்துக்கங்க.”

கோச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெட்டைப் பெண் அவருக்குப் பின்னால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“சரி. எங்க புள்ளைகள அடிக்கறதுக்கு மத்தவங்கள அடிக்கட்டும்” என்றார் அவர். “ஆனா ஒரே ஒரு கண்டிஷன். வீட்டுக்காரங்க வெறுங்கையோட வரணும்.”

திரும்பும்போது வாசலில் அப்பாவிடம் கேட்டேன், “உரக்கடைக்காரருக்கு என்னப்பா சொல்றது?”

“அவரு கெடக்காரு. பத்து உரமூட்ட வாங்கிட்டாப் போச்சு” என்றார்.

அதன்பிறகு பல வருடங்கள் ஆடினேன். ஃபைனல்களும் ஜெயித்தேன், கோப்பை வீட்டில்தான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். ஃபவுலுக்குக் கையைத் தூக்கும் அந்த வழக்கம் பின்னாளில் போய்விட்டது. எங்கள் செண்டுமல்லிக்குப் பயந்துதான் ரூலையே மாற்றினார்கள் என்பது சித்தப்பாவின் கட்சி. என் கல்யாணத்தில் பாதர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கியபோது, பூத்தட்டோடு நின்றவர்களில் ஒருத்தர்கூடப் பூப் போடவில்லை. “பாதர், முடிஞ்சிருச்சுங்களா? நல்லாத் தெரியுமா?” என்று சித்தப்பா கேட்டது வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

இப்போது நானே ரெஃப்ரி. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பேரப்பிள்ளைகள் கேட்க, அப்பா அந்தக் கதையை மறுபடி எடுத்தார். வழக்கம்போல, “பந்தத்தான் தொட்டா” என்று முடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, நான் இத்தன வருசமா விசில் ஊதறேன். ரெஃப்ரியாச் சொல்றேன், அது ஃபவுல்தான். சுத்தமான ஃபவுல்.”

அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பேரனிடம் திரும்பிச் சொன்னார்:

“இந்த ரெஃப்ரிகளுக்கே கண்ணு தெரியாதுப்பா.”