அரை இஞ்ச்

"அரை இஞ்ச் கூட இருக்கு," என்றார் டெய்லர். கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப்பு தொங்கியது.

"எது கூட இருக்கு?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"இடது கால். ஆபரேஷன் பண்ணின கால். வலதை விட அரை இஞ்ச் நீளம்."

"முட்டி மாத்தி ஒரு மாசம்தான் ஆச்சு. காலை அளக்குற நேரத்துல ரெண்டு நடை நடங்க, புண்ணியமாப் போகும்."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? நாற்பத்தைந்து வருஷம் டேப்பைக் கழுத்தில் போட்டுப் பிழைத்தவர். வலது காலுக்கு டேப்பின் வலது நுனி, இடது காலுக்கு இடது நுனி; கை தானாகப் போகும். இன்னும் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அரை இஞ்ச்.

வேறு யாராக இருந்தாலும் டாக்டருக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். டெய்லரால் முடியாது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த டாக்டர் மேல் அவருக்கு அத்தனை நன்றி. ஆறு வருஷமாகச் சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, கடைசியில் மனைவி தோளைப் பிடித்து நடந்த மனுஷன். ஆபரேஷன் அன்று பயத்தில் பல் கிட்டிப்போய்க் கிடந்தபோது டாக்டர்தான் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல ஐயா," என்றார். பதினோராம் நாள் யாரையும் பிடிக்காமல் பாத்ரூம் வரை போய்விட்டு வந்த டெய்லர், கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றிலிருந்து பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், ராங் நம்பரில் கூப்பிட்டவர் என்று ஒருத்தரையும் விடாமல் டாக்டர் புராணம் பாடினார்.

போதாக்குறைக்கு முந்தின நாள்தான் டாக்டரே போன் செய்திருந்தார். "ஐயா, பத்து நாள்ல இங்க ஒரு மீட்டிங். வெளியூர் டாக்டருங்க இருபது பேர் வர்றாங்க. நான் பண்ணினதிலேயே உங்க முட்டிதான் நம்பர் ஒன். அவங்க முன்னாடி நீங்க நடந்து காட்டணும்."

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், அரை இஞ்ச் பிசகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? இருபது பேர் முன்னால் அவர் தலை குனிய வேண்டுமா?

"நான் உசிரோட இருக்குற வரைக்கும் அது நடக்காது," என்றார் டெய்லர்.

"எது நடக்காது?"

"ஒண்ணுமில்ல. உன் பழைய செருப்பு ஒண்ணு குடு."

நீளமானதை வெட்ட முடியாது. குட்டையானதை ஏற்றலாமே! மனைவியின் செருப்பு அடியை வெட்டி வலது ஷூவுக்குள் ஒட்டினார். போட்டுக்கொண்டு எழுந்தார். நேற்று வரை நேராக நின்றவர் இப்போது இடது பக்கம் சாய்ந்தார்.

"புதுசுதானே, பழகிடும்."

பழகியது இடுப்பு வலிதான். மறுநாள் பயிற்சி கொடுக்க வந்த பிஸியோதெரபி பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க ஐயா, நேத்து ஜம்முனு நடந்தீங்க. இன்னைக்கு ஏன் நொண்டுறீங்க?"

"நொண்டலியேம்மா! கொஞ்சம் ஸ்டைலா நடந்து பாத்தேன்."

இடுப்புத் தசையில் பலம் இல்லை என்று முடிவு கட்டிய அந்தப் பெண், காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை இருபதிலிருந்து நாற்பதாக்கினாள். டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். வலி முதுகுக்கு ஏறியது. ஒட்டினது பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு அடுக்கு ஒட்டினார்.

இப்போது சாய்ந்த சாய்வில் பேன்ட்டின் இடது கால் தரையைக் கூட்டியது. அதையும் விடுவாரா? இடுப்பிலிருந்து டேப்பு பிடித்துக் குறி போட்டு, அரை இஞ்ச் மடித்துத் தைத்தார். அது ஒரு இஞ்ச் ஏறிக்கொண்டு சாக்ஸைக் காட்டியது. "எல்லாம் இந்தக் கால் பண்ற வேலை," என்று காலைத் திட்டினார்.

அப்புறம் இடுப்புக்கு ஒரு பெல்ட் வந்தது. கதவுக்குப் பின்னால் மூட்டை கட்டி வைத்த வாக்கரும் திரும்ப வந்தது. ஒன்பதாம் நாள் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. நல்லா நடந்துட்டிருந்தீங்க. டாக்டர்கிட்ட சொல்லிடலாம்."

"நீ சொன்னேன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். அவரு எனக்குக் காலைக் குடுத்தவரு. அவரு பேரை நான் கெடுக்கணுமா?"

மீட்டிங் நாள். இருபது டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, திரையில் டெய்லரின் எக்ஸ்ரே பெரிதாகத் தெரிந்தது. "இப்ப ஐயா நடப்பாரு, பாருங்க," என்றார் டாக்டர், பெருமை தாங்காமல்.

டெய்லர் வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு நடந்தார். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது, ஒரு கை இடுப்பில், ஒரு சாக்ஸ் வெளியில். முன் வரிசையில் யாரோ இருமினார்கள். நாலாவது அடியில் வலது ஷூ கழன்றது. உள்ளேயிருந்து இரண்டு அடுக்குச் செருப்பு, பூப்போட்டது, நடுக் கூடத்தில் வந்து விழுந்தது.

டாக்டர் குனிந்து எடுத்தார். "ஐயா, என்ன இது?"

அவ்வளவுதான், டெய்லர் உடைந்துபோனார். "மன்னிச்சிடுங்க டாக்டர்! இடது கால் அரை இஞ்ச் நீளமாயிடுச்சு. உங்க பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான்..."

"நீளமா? ரெண்டு காலும் நூல் பிசகாம சரியா இருக்கு, எக்ஸ்ரேயைப் பாருங்க! யாரு அளந்தா?"

"நான்தான்." டெய்லர் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டு, இந்த நுனியால் இந்தக் கால், அந்த நுனியால் அந்தக் கால் என்று அளந்து காட்டினார்.

டாக்டர் டேப்பை வாங்கிப் புரட்டினார். ஒரு நுனியில் பித்தளை மூடி இருந்தது. இடது காலுக்கு வைத்த நுனியில் மூடியும் இல்லை, முதல் அரை இஞ்ச்சும் இல்லை.

"அதுவா? வாங்கின வருஷமே கத்தரி பட்டு..." டெய்லர் அந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

கூடமே சிரித்தது. டெய்லர் இன்னொரு ஷூவையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். நேராக நடந்தார். திரும்பி வந்தார். எல்லாரும் கை தட்ட, அவர் கண் கலங்கி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இத்தனை வருஷமும் இதே டேப்புதானா?"

"இதேதான் டாக்டர். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் நிறைய. பசங்களை வரிசையா நிக்க வச்சு வலது காலை மட்டும் அளந்துக்குவேன்; துணி வெட்டுறப்பதான் வலதுக்கு வலது நுனி, இடதுக்கு இடது நுனி. மூஞ்சி கூடப் பாக்க நேரம் இருக்காது."

"இடது கால் பேன்ட் குட்டையா இருக்குன்னு யாரும் வந்து கேக்கலையா?"

"கேப்பாங்க. 'தையல்ல ஒரு குறையும் இல்ல, உங்க பையனுக்குத்தான் கால் நீளம், டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடது காலை நீட்டிப் பார்த்தார்.

"நான்தாங்க ஐயா உங்களுக்கு நன்றி சொல்லணும். எங்கம்மா என்னை ஏழு டாக்டர்கிட்ட இழுத்துட்டு அலைஞ்சாங்க. ஒருத்தருக்கும் கண்டுபிடிக்கத் தெரியலையேன்னுதான் நானே எலும்பு டாக்டருக்குப் படிச்சேன்!"